லம்பேர் மாப்பிள்ளையின் தொப்பி

ஊர்ப்பெருமைக்காரர் என்றோர் இனம் உண்டு. எல்லா நாட்டிலும் காணலாம். ஆனால் பிரான்ஸின் வடக்கு மூலையில், மழையும் பீட்ரூட்டும் தவிர வேறெதுவும் விளையாத எங்கள் வெர்காம் போன்ற ஊர்களில்தான் நன்றாகக் கொழுக்கும்.

எங்கள் ஃபிர்மன் தெல்பெக்கையே பாருங்கள். ஓய்வுபெற்ற பல் வைத்தியர்; ஊரே மரியாதையாக 'முசே' என்று கூப்பிடும். ரொட்டி வாங்கப் போகிற வெளியூர்க்காரரை வழியில் மடக்கி, மணிக்கூண்டைக் காட்டி, பழைய கோட்டை வாசலைத் தடவிக்கொடுத்து, சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கரிமண் மேட்டை "எங்க மலை" என்று சொல்லி, அதில் நீங்கள் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டால் கோபித்துக்கொள்வார். பக்கத்து ஊரிலும் அப்படியொரு மேடு இருக்கிறதே? அது வெறும் குப்பையாம்.

இந்த ஆண்டு எங்கள் ஊர் ராட்சதப் பொம்மை லம்பேருக்குக் கல்யாணம். பிரம்பில் பின்னி, உள்ளே ஆட்கள் புகுந்து தூக்கி ஆடுகிற பொம்மை. இந்தப் பக்கம் ஊருக்கு ஒன்று உண்டு; என்றைக்காவது ஒருநாள் கட்டிவைத்துத்தான் ஆகவேண்டும். பெண், பக்கத்து ஊர்ப் பொம்மை. மாப்பிள்ளையைவிட ஒரு முழம் உயரம் என்று சேதி வந்தது. ஃபிர்மனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஊர் மானமே போச்சு! தொப்பியை உசத்திக் கம்பி போட்டு இறுக்குங்க!"

"முசே, இப்பவே கோட்டை வாசல்ல உரசிக்கிட்டுத்தானே போறான்?" என்றாள் ரொட்டிக்கடை ஒதில்.

"அந்த வாசலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறியா?"

கல்யாண நாள். வாத்தியம் முழங்க, வாசலுக்கு வெளியே பெண் காத்து நிற்க, தொப்பி வளைவில் 'டங்'கென்று இடித்தது. பொம்மைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"முசே, தொப்பியை அறுக்கவா, வாசலை இடிக்கவா?"

இரண்டுமே அவர் உயிரல்லவா? பாவம், அழுதேவிட்டார்.

"மண்டி போடுங்கய்யா!" என்று விம்மினார்.

லம்பேர் முழங்காலால் நகர்ந்து வெளியே வந்து, நேராகப் பெண்ணின் காலடியில் போய் நின்றான். பக்கத்து ஊரார் விசிலடித்தார்கள். "எங்க பொண்ணு கால்லயே விழுந்துட்டான்டா!"

ஃபிர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இது எங்க ஊர் வழக்கம். நானூறு வருஷமா இப்படித்தான்."

நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். மறுநாள் கடைக்கு வந்த வெளியூர்க்காரரிடம் ஒதில், "எங்க மாப்பிள்ளைங்க மண்டி போட்டுத்தான் பொண்ணு எடுப்பாங்க" என்றாள். நானும் தலையாட்டிவைத்தேன்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். விருந்தாளி காப்பியில் வாய் வைப்பதற்குள் ஜன்னலைத் திறந்து, "அதோ, எங்க ஊரு..." என்று ஆரம்பிப்பது யாராம்?