ஒரு சொட்டு உள்ளே வராது

செம்பூர், மும்பை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பிரைட்டன் அவர்களுக்கு மச்சான் வேதமுத்து எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் லூசியம்மாளும் சுகம். எங்களோடு தங்கிப் படிக்கும் உங்கள் மகள் ஷைனியும் சுகம். நீங்கள் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பாய்மரப் படகுதான் சுகமில்லை. போனில் சொல்ல வாய் எழவில்லை, அதனால் மஸ்கட்டுக்குத் தபால்.

ஷைனி என்னிடம் கேட்டது ஒரே காரியம். "மாமா, பாய இழுத்துக் கட்டுற கயிறு நைஞ்சு போச்சு, அத மட்டும் மாத்திருங்க, சண்டே செலக்‌ஷன் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்குப் படிக்கத் தாணேயில் தோழி வீட்டுக்குப் போனாள். மாநில அணித் தேர்வு, இரண்டு வருட உழைப்பு. கயிறு மாற்ற அரைமணி நேரம் ஆனது. அதோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி போல, ஸ்கூட்டர் ஷெட்டில் படகைக் கவிழ்த்துப் பார்த்தேன். நட்டநடு அடியில் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. முப்பத்து நாலு வருடம் அணுசக்தி நகரிலிருந்து பஸ் ஏறிப் போய் அணு ஆராய்ச்சி மையத்தின் கசிவு சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான், ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ரெசின் கலந்து, கண்ணாடி இழைத் துணி மூன்று அடுக்கு ஒட்டி, தேய்த்து, பெயின்ட்டும் அடித்தேன். பாயையும் பழுது பார்க்கத் தாராவியில் பை தைக்கிற ரஹ்மத்துல்லாவிடம் கொடுத்தேன். "அண்ணே, ஓரத்துல நாலு பாக்கெட் வாயத் தொறந்துகிட்டுக் கெடக்கு, தச்சிருதேன்" என்றார். தைக்கச் சொன்னேன். பாய் விறைப்பாக நிற்க அதில் குச்சி சொருக வேண்டுமாம், யாருக்குத் தெரியும்.

ஞாயிறு காலை கரையில் ஷைனி ஒரு நீளப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு படகுக்குள் குனிந்து தேடினாள். "மாமா, இத எறக்குற ஓட்ட எங்க?" "அடச்சாச்சுல்லா. இனி ஒரு சொட்டு உள்ள வராது." அவள் பலகையைக் கரையில் ஊன்றினாள். "பலகை தண்ணிக்குள்ள நின்னாத்தான் மாமா போட் நேரா போவும்" என்றாள். ஆனாலும் ஏறிப் போனாள். உங்கள் மகளாயிற்றே. மற்ற படகெல்லாம் முன்னால் போக, நம்முடையது நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து அலையாத்திச் செடிக்குள் செருகிக்கொண்டது. மோட்டார் படகில் போய்க் கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். திரும்பும் வழியில் எனக்கும் சேர்த்து வடாபாவ் வாங்கிக்கொண்டு வந்தாள். அதை என்னால் விழுங்க முடியவில்லை மாப்பிள்ளை. உங்கள் பிள்ளையின் காரியத்தை நான் கெடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். டிரில், கிரைண்டர், ரெசின் டப்பா எல்லாவற்றையும் கீழ்வீட்டுச் சுயம்புவிடம் ஒப்படைத்தாயிற்று. பைபிளை எடுத்துச் சத்தியம் பண்ணப் போனேன். "சத்தியமே பண்ணக் கூடாதுன்னு அதுலதான் போட்டிருக்கு, சும்மா சொன்னாப் போதும்" என்றாள் லூசியம்மாள். சொல்லிவிட்டேன். இனி அந்தப் படகை என் விரல் தொடாது.

கடலிலும் கரையிலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
வேதமுத்து

பி.கு.: உறை ஒட்டுமுன் ஷைனி வந்தாள். அடுத்த மாதம் இன்னொரு தேர்வு உண்டாம். படகின் அடியில் சாக்பீஸால் கோடு போட்டு, "நீங்க அடச்சத நீங்கதான் வெட்டணும் மாமா. கோட்டத் தாண்டாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமான்களைச் சுயம்புவிடமிருந்து திரும்ப வாங்கினேன், மேலே சொன்ன வாக்கைத் தள்ளிவிடவும். கோடு பிசகாமல் வெட்டிவிட்டேன், பலகை வெண்ணெயாக இறங்குகிறது. ஒரே ஒரு சந்தேகம். பின்பக்கம் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது. அதைச் சுற்றி அவள் கோடு எதுவும் போடவில்லை. அதை அடைக்கலாமா என்று பதில் எழுதவும். ரெசின் கலந்துவிட்டேன், இருபது நிமிடத்தில் இறுகிவிடும்.