மூலைத் தகரத்து அருவி

மழை வந்தால் ஊருக்கெல்லாம் குடை ஞாபகம் வரும். நம்ம கதாநாயகருக்குத் தலையணை ஞாபகம்தான் வரும்.

காரணம் இருக்கிறது. அவர் வீட்டுக் கூரை விளிம்பு நெடுக, மழைத் தண்ணீரை வாங்கிக் குழாயில் இறக்கும் தகர வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. முன்னறை ஜன்னலுக்கு நேர் மேலே, அதன் மூலையில், எந்தக் காலத்து இலைகளோ மட்கி அடைத்துக்கொண்டிருந்தன. மழை பிடித்தால் தண்ணீர் அங்கே பொங்கி, ஜன்னலை உரசிக்கொண்டு சோவென்று விழும். மற்றவர்களுக்கு அது ஒழுகல். கட்டிலில் கிடக்கும் அவருக்கு அருவி. கண்ணை மூடினால் படகு ஒன்று வரும். துடுப்பு கிடையாது, கரை கிடையாது, ஆபீஸ் அறவே கிடையாது. பச்சைத் தண்ணீரில் அது பாட்டுக்குப் போகும்.

ஒருநாள் இந்தக் கனவைக் கேட்ட மனைவி ஆசையாய்க் கேட்டாள். "படகுல எனக்கும் இடம் இருக்கா?"

தூக்கக் கலக்கத்தில் உண்மை வாய்க்கு வந்துவிட்டது. "சின்னப் படகும்மா. ஒருத்தருக்குத்தான் இடம்."

"ம்" என்றாள். அந்த 'ம்'மை அவர் கவனித்திருக்க வேண்டும்.

மறுவாரமே பேச்சு கிளம்பியது. "ஏங்க, சுவரெல்லாம் பாசி. ஆளை வெச்சுத் தகரத்தைச் சுத்தம் பண்ணணும்."

"அந்தச் சத்தத்துல உன் தூக்கம் கெடக் கூடாதுன்னுதானே நான் முன்னறையில படுத்துத் தாங்கிக்கறேன்?"

"அதான், பாவமா இருக்கு. இனிமே தாங்க வேணாம்."

"சரி சரி, ஆளை நானே பாத்துக்கறேன்" என்றார். மனசுக்குள் திட்டம் தயார். எல்லா இடமும் சுத்தமாகட்டும். அந்த மூலை மட்டும் அப்படியே இருக்கட்டும். சுத்தம் பண்ண வரும் ஏணிக்காரர் காதில் ரகசியமாய் ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது.

ஆனால் ஆள் வந்த அன்று, இவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஏணிக்காரர் உச்சிக்குப் போய்விட்டார். ஏணி உச்சியில் நிற்பவரிடம் எப்படிக் கிசுகிசுப்பது? மூலையைக் காட்டினார். கையை ஆட்டினார். கும்பிட்டார்.

"என்ன சார், குளவிக் கூடா?"

"இல்லண்ணே. அந்த மூலையை மட்டும் விட்டுடுங்க."

"விட்டுடவா?" குரல் தெருமுனை வரை போனது. "அடைப்பே அங்கதான் சார் இருக்கு!"

"மெதுவாப் பேசுங்கண்ணே!"

"மெதுவாப் பேசினா கீழ கேக்காது சார்!"

"என் உசுரே அந்த மூலையிலதான் இருக்குண்ணே!"

கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தார் ஏணிக்காரர். "நாளைக்கு ஒழுகுச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது" என்று சுரண்டும் கரண்டியை அடுத்த பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஜன்னல் திரை லேசாக ஆடியது. காற்று என்று நினைத்தார். அன்று காற்றே இல்லை.

ஞாயிறு மதியம் வானம் கறுத்தது. தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னறைக்கு ஓடினார். கட்டிலில் மனைவி.

"எனக்காக எத்தனை நாள் சத்தத்தைத் தாங்கினீங்க! இனிமேதான் சத்தமே வராதே, நான் இங்க படுத்துக்கறேன். நீங்க பின்னறையில நிம்மதியாத் தூங்குங்க."

"சத்தம்... லேசா வந்தாலும் வரலாம்."

"அதெப்படி வரும்? நீங்களே நின்னு சுத்தம் பண்ண வெச்சீங்களே!"

தலையணையோடு பின்னறைக்குத் திரும்பினார்.

பின்னறையில் பிரிட்ஜ் மோட்டாரின் முனகல்தான் துணை. மழை இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அருவி. 'இதோ, தூக்கம் கெட்டுத் திட்டிக்கொண்டு வருவாள், இடம் மாறிக்கொள்ளலாம்' என்று காத்திருந்தார். வரவில்லை. மெல்லப் போய்க் கதவைத் திறந்தார்.

அறை முழுக்கப் பச்சை வெளிச்சம். ஜன்னலில் தண்ணீர் பட்டுத் துணிபோல் வழிந்தது. உத்தரத்தில் அலைகள் நெளிந்தன. மனைவியின் ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, விரல்கள் எதையோ அளைந்துகொண்டே போயின.

"ஏம்மா, கொஞ்சம் நகர்ந்து படேன்."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "சின்னப் படகுங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."