ஐந்தாம் நம்பர் வண்டி

இந்த வீட்டில் ஒரு கைடுதான். அது நான்தான். கார்த்திகை பிறந்த அன்று, மழையில் நனைந்துகொண்டே இப்படி ஒரு சபதம் எடுத்தேன். பாதி சபதத்திலேயே தும்மல் வந்தது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

நான் குருநாதன். சொந்த ஊர் சிக்கல் என்கிற கிராமம். மிளகாய் போட்டேன், மழை வரவில்லை. பருத்தி போட்டேன், மழை நிற்கவில்லை. பெண்டாட்டி ஈஸ்வரியையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் வந்து, சைக்கிள் வாடகைக்கு விடும் மலிகா அக்காவிடம் பேட்டரி சைக்கிள் கைடு ஆனேன். மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும் சைக்கிள். வெளியூர்க்காரர்களை அதில் ஏற்றி, முன்னால் நான் போய், தனுஷ்கோடி வரைக்கும் சுற்றிக் காட்டிக் கூட்டி வர வேண்டும். வரலாறு சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த வரலாறு சேதுபதி ராஜா ஒருத்தர்தான். எதைக் கேட்டாலும் அவர் கட்டியது என்பேன். ஒருமுறை செல்போன் டவரைக்கூட அவர் தலையில் கட்டிவிட்டேன்.

மழைக்காலத்தில் இந்த ஊர் அழுதுவடியும். வானம் சாம்பல். கடல் சாம்பல். நடுவில் என் முகம். அந்த நேரம் பார்த்து மலிகா அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, பொங்கல் வரைக்கும் ஆள் வரத்து கம்மி. ஒரு கைடுதான் வச்சுக்க முடியும்."

"இப்பவும் ஒரு ஆள்தானக்கா. நான் மட்டும்தான்."

"அதத்தான் சொல்றேன். வர்றதெல்லாம் பொம்பளைக கூட்டமா இருக்கு. பொம்பளை கைடு இல்லையான்னு கேக்குறாக. நாளைக்குத் திருப்பூர்லருந்து மூணு டீச்சருக வாராக. ஈஸ்வரியும் கூட ஓட்டிக்கிட்டு வரட்டும். வெற்றியா முடிச்சாள்னா அவளுக்கு வேலை. நடுவுல நின்னுட்டாள்னா ஒனக்கு."

வீட்டுக்கு வந்து ஈஸ்வரியிடம் பக்குவமாகப் பேசினேன்.

"போக வர நாப்பது கிலோமீட்டர். ஒன்னால ஏலாது."

"பள்ளிக்கூடத்துக்குத் தெனம் பன்னெண்டு கிலோமீட்டர் மிதிச்சவ நான். பேட்டரி இல்லாம."

"வாடைக்காத்து ஆளையே தூக்கிரும்."

"நீங்களே நிக்கிறீங்க. நான் நிக்க மாட்டேனா?"

"சரி, புள்ளைய யாரு பாக்குறது?"

"ரெண்டு பேர்ல யாரு வீட்டுல இருக்காகளோ அவுக."

அந்த 'ரெண்டு பேரில்' நானும் ஒருத்தன். மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால் எனக்கு ஆகாது. ஆனாலும் செய்தது.

மழைக்காலத்தில் பேட்டரிகளைக் கழற்றி எங்கள் வீட்டுக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுவோம். போடுவது ஈஸ்வரி. அன்று சாயங்காலம், "நீ அலுத்துப் போயிருக்க, நான் போடுறேன்" என்றேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். பாசம் என்று நினைத்தேன். ஐந்து பேட்டரியில் நாலுக்கு ஸ்விட்சைப் போட்டேன். ஒன்றைக் கால்வாசியிலேயே விட்டேன். விடிந்ததும் அதை ஐந்தாம் நம்பர் வண்டியில் மாட்டினேன்.

"சீட்டு தாழ்வா இருக்கு. ஒனக்குத் தோதா இருக்கும், இதையே எடுத்துக்க."

"சரிங்க. மொதமொத வண்டி எடுக்கேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும், சந்தனம் வைக்கணும். ஆமா, குளிச்சிட்டுத்தான் வண்டியத் தொட்டீங்களா?"

"இல்ல."

"நல்லாருக்கு. போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள நான் சந்தனம் வச்சிருதேன்."

சாமி காரியம். மறுக்க முடியுமா? போய்க் குளித்தேன். திரும்பி வந்தபோது ஐந்து வண்டியும் சந்தனமும் குங்குமமுமாக நின்றன. மகளை மலிகா அக்கா வீட்டில் விட்டோம். மூன்று டீச்சர்களும் வந்தார்கள். தலைவி பூங்கோதை டீச்சர், கழுத்தில் கேமரா, கண்ணில் கண்டிப்பு.

கிளம்பும் முன் ஈஸ்வரிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "ஒரே ஒரு ரூல். நடுவழியில யாரு வண்டி நின்னாலும் மத்தவங்க நிக்கக் கூடாது. வண்டியப் போட்டுட்டும் வரக் கூடாது. தள்ளிக்கிட்டேதான் வரணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஈஸ்வரி ரெண்டு தடவை ஆட்டினாள்.

தூறலில் போனோம். ரெண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு, ரோட்டில் நாங்கள் ஐந்து பேர், வேறு ஈ காக்கை இல்லை. நூறு அடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். ஐந்தாம் நம்பர் நிற்கும், நிற்கும் என்று பார்த்தேன். என்னுடையது நின்றது. சார்ஜ் காட்டும் மீட்டர் ஐப்பசி மழையிலேயே செத்துவிட்டதால் எனக்கு முன்னறிவிப்புகூட இல்லை. மோட்டார் ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான்.

ஈஸ்வரி பக்கத்தில் வந்து மெதுவாக்கினாள்.

"என்னங்க ஆச்சு?"

"பேட்டரி போச்சு. நில்லு."

"நிக்கக் கூடாதுல்ல. ரூலு." மணியை அடித்தாள். "டீச்சர், எம் பின்னால வாங்க."

ஆறு கிலோமீட்டர். இருபத்தைந்து கிலோ இரும்பு. எதிரே காற்று, மிதித்தால் நகரவில்லை; தள்ளினேன். நனைந்த நாய் ஒன்று கொஞ்ச தூரம் துணைக்கு வந்தது. பிறகு அதுவும் என் நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

இடிந்த சர்ச்சுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஈஸ்வரி பேசிக்கொண்டிருந்தாள். அங்கே மீன் பொரித்து விற்கிற அக்காவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதாம்.

"இது பவளக்கல்லுல கட்டுனது டீச்சர். இங்கன ஒரு ஊரே இருந்துச்சு. ஸ்டேசன், போஸ்டாபீசு, பள்ளிக்கூடம் எல்லாம். அறுபத்திநாலு டிசம்பர்ல புயல் வந்துச்சு. ரயிலோட போயிருச்சு. பிள்ளைகளத் தூங்க வச்ச வீடுக. விடிஞ்சு பாத்தா மணலு."

அவ்வளவுதான் சொன்னாள். ராஜா யாரும் வரவில்லை. பூங்கோதை டீச்சர் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். அதில் பாதி அந்த ஊருக்கு. மீதி என் வேலைக்கு.

டீச்சர் திரும்பினார். ஒழுகும் மழையில், சைக்கிளில் சாய்ந்து நிற்கிற என்னைப் பார்த்தார். கேமராவை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

நான் ஈஸ்வரியைத் தனியாக ஓரங்கட்டினேன்.

"நான் குளிக்கப் போனப்ப பேட்டரிய மாத்துனியா?"

"கல்யாணமாகி ஆறு வருசமாச்சு. ஒங்க போனக்கூட நாந்தான் சார்ஜ் போடுதேன். நேத்து அஞ்சு பேட்டரிக்கும் நானே போடுறேன்னீங்க. அப்பவே போய்ப் பாத்தேன். நாலுல பச்சை லைட்டு, ஒண்ணுல லைட்டே இல்ல."

"அதுக்கு எனக்கா மாட்டுவ?"

"நீங்க ஆசையா ஒதுக்கி வச்சது. வேற யாருக்குங்க மாட்டுறது?"

மீன் ஏற்றி வந்த குட்டியானை வண்டி ஒன்றில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, நானும் சைக்கிளும் ஊர் திரும்பினோம். எனக்கு முன்பே என் நாற்றம் வீட்டுக்குப் போய்விட்டது.

இப்போது கைடு ஈஸ்வரி. கூட்டம் கூடி, வண்டியும் ஐந்திலிருந்து எட்டாகிவிட்டது. டீச்சர் அனுப்பிய படத்தை மலிகா அக்கா பெரிதாக்கி, 'சார்ஜ் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பவும்' என்று எழுதி, எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

அதற்குக் கீழே உட்கார்ந்து, மடியில் மகளை வைத்துக்கொண்டு, எட்டு பேட்டரிக்கும் நான்தான் தினம் சார்ஜ் போடுகிறேன்.