மைக்செட்டும் அவர் பின்னால் பறந்த கேமராவும்

மாப்பிள்ளையைவிட மைக்செட்காரர் அதிகமாகத் தெரிகிற கல்யாண வீடியோ உலகத்திலேயே புவனகிரியில், எங்கள் தெருவில் மட்டும்தான் இருக்கும்.

அவருக்குப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவதால் எங்களுக்கு அவர் மைக்செட்டு. வீட்டில் உப்பு கேட்பதைக்கூட "ஹலோ, ஹலோ" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன வருஷம் பறக்கும் கேமரா ஒன்று வாங்கினார். ட்ரோன் என்றார்கள். யாரைக் காட்டி வைக்கிறோமோ அவர் பின்னாலேயே தானாகப் பறந்து படம் பிடிக்குமாம். இவர் தன்னையே காட்டி வைத்துவிட்டார். மாற்றத் தெரியவில்லை. சிதம்பரத்து மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து வாசல் ஜெனரேட்டரைக் கவனிக்க ஓடினார். கேமராவும் கூடவே வாசலுக்குப் பறந்தது.

வீடியோவைப் பார்த்த பெண்ணின் அப்பா கேட்டார்: "யோவ் மைக்செட்டு, எம் பொண்ணு எங்கய்யா?"

"அதோ மாமா, என் தோளுக்குப் பின்னால, பட்டுப்பொடவ."

"அது என் பொண்டாட்டிய்யா."

ஆயுத பூஜை அன்று, கேமராவின் நெற்றி என்று நினைத்து அதன் கண்ணாடியிலேயே சந்தனம் குங்குமம் வைத்தார். ஒரு வாரம் எடுத்த படமெல்லாம் ஒரே மஞ்சள். "படம் தெரியலன்னா என்னா, கண்ணு படாது இல்ல" என்றார்.

கார்த்திகையில் வெள்ளாறு நிரம்பி வயலுக்குள் ஏறிவிட்டது. எனக்கு இருப்பது ஒரு காணி நிலம். வருஷச் சோறு அதுதான். சேதம் எழுத வந்த அதிகாரி ரோட்டோரத்து மேட்டு வயலை மட்டும் பார்த்துவிட்டு, "தண்ணி வடிஞ்சிடுச்சே" என்று பேனாவை மூடினார். உள்ளே பள்ளத்தில் எங்கள் பத்து பேர் பயிரும் மூழ்கிக் கிடந்தது. பட்டியலில் ஏறாவிட்டால் நிவாரணம் கிடையாது; மறுபடி நட விதைநெல்லும் இல்லை. எனக்கோ வெளி ஆட்களிடம் பேச வாயே வராது.

வெள்ள எச்சரிக்கை சொல்ல, ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவோடு மைக்செட்டு அங்கே நின்றிருந்தார்.

"என்னாக்கா, உங்க காணியில வடிஞ்சிடுச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். கேமரா படம் தெரிகிற போனை அதிகாரி கையில் கொடுத்து, கேமராவைப் பறக்கவிட்டு, கம்பியில்லாத மைக்கோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"ஹலோ, ஹலோ. ஐயா, இது மொத வயலு. தொடைக்கு நிக்கிது." ஆட்டோ ஸ்பீக்கர் ஊருக்கே அலறியது. "இது எங்க அக்கா காணி. இடுப்புக்கு ஜாஸ்தி. பயிரு தெரியுதாங்கய்யா? எனக்கும் தெரியல. காலுக்கடியில கெடக்குது."

ஐந்தாவது வயலில் கழுத்தளவு. போனில் ஒரு தலையும், தூக்கிப் பிடித்த மைக்கும்தான் தெரிந்தன.

அதிகாரி கரையிலிருந்து கத்தினார்: "யோவ், வெளிய வாய்யா, பத்தையும் எழுதிக்கிறேன்."

"இருங்கய்யா, இன்னும் அஞ்சு இருக்குது. பேட்டரியும் இருக்குது."

பத்து வயலையும் நடந்து காட்டிவிட்டுத்தான் ஏறினார். பத்துப் பெயரும் பட்டியலில் ஏறின. சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்ட ரோடெங்கும் விசில் பறந்தது.

அவருக்கோ பல் தந்தியடித்தது. ஆட்டோவில் கிடந்த துண்டை எடுத்து, அத்தனை பேர் நடுவில் நானே அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

"அக்கா, மேல கேமரா ஓடுது" என்றார்.

"ஓடட்டும்" என்றேன்.