பன்னிரண்டு பாவம்

பன்னிரண்டு அட்டைகளிலும் ஒரே பதில்தான் இருந்தது: பாவம்.

இயக்குநர் நைஜல் ஓல்ட்ராய்டு கேள்வியை மறுபடி படித்தான். 'வின்ஸ் எப்படிப்பட்ட மனிதன்?' அதில் குழப்பம் ஏதுமில்லை. சொந்த அண்ணனைக் கல்குவாரியில் தள்ளிவிட்டு, அண்ணன் வீட்டிலேயே குடியேறுகிறவன் வின்ஸ். படம் முழுவதும் ஒருமுறைகூடச் சிரிக்காதவன்.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்த் தொழிலாளர் மன்றத்தில், புதன்கிழமை பிங்கோ விளையாட வரும் பன்னிரண்டு கிழங்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

"கண்ணை எடுக்க முடியாத அயோக்கியன்னு சொன்னே. இவங்க அவனைத் தத்தெடுத்துக்குவாங்க போலிருக்கு" என்றாள் தயாரிப்பாளர் பிலிப்பா.

"அண்ணனைக் கொன்னிருக்கான், பிலிப்பா."

"'அண்ணன் ஏன் அவ்வளவு ஓரத்துல நின்னாரு'ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு, பாரு. எல்லாரும் பரிதாபப்படுற ஆளுன்னா, கடைசியில அவனைத் திருத்திப் பனி பெய்ய விட்டு, கிறிஸ்துமஸ் படமா வித்துடுவேன்."

நைஜல் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தான். ஒன்பது வருட உழைப்பு.

"ரெண்டு வாரம் கொடு. காறித் துப்ப வைக்கிறேன்."

அடுத்த புதனுக்குள், புதிதாக எடுத்த காட்சியில், வின்ஸ் ஒரு தேவாலயத்தைக் கொளுத்தினான்.

பன்னிரண்டு பாவம். 'அந்த இடத்துல எப்பவுமே குளிர்தான்' என்று ஓர் அட்டை நியாயம் பேசியது. வெளியே போகும்போது ஒரு கிழவர் நைஜலின் தோளை அழுத்தினார். "தைரியமா இரு தம்பி." இன்னொரு அம்மாள் பாதிக் கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள்.

கலைஞனின் வேதனை இவர்களுக்குப் புரிகிறது, என் படம்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டான் நைஜல்.

இனி ஒன்றுதான் பாக்கி.

"நாயா?" பிலிப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நாய்னா உயிரை விடற இந்த நாட்டுலயா?"

"வேற வழியில்ல."

மூன்றாவது புதன். வின்ஸ் அண்ணனின் கிழட்டு நாயைக் கால்வாயில் வீசினான். அரங்கில் யாரோ விம்மினார்கள். ஒரு நாற்காலி சாய்ந்தது. ஒருவர் எழுந்து வெளியே போனார். நைஜல் இருட்டில் கைகளைக் கோத்துக்கொண்டான். வந்துவிட்டது வெறுப்பு.

விளக்குப் போட்டதும் பிலிப்பா அட்டைகளை வாங்கினாள்.

பன்னிரண்டு பாவம். ஒன்றில் மை கண்ணீரில் கரைந்திருந்தது: 'நாய்க்கும் வயசாச்சு.'

"பனிக்குச் சொல்லிடறேன்" என்று பிலிப்பா தொலைபேசியை எடுத்தாள். "மூணு லாரி போதுமா?"

நைஜல் டீ மேசைக்குப் போனான். அட்டை எழுதிய பன்னிரண்டு பேரில் ஒருத்தியான ஹில்டா அங்கே கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹில்டா, உண்மையைச் சொல்லுங்க. அவனைப் பார்த்தா உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"குமட்டுது."

"அப்புறம் ஏன் பாவம்னு எழுதினீங்க?"

"வாசல் நோட்டீஸ்ல 'இயக்குநரின் சொந்த வாழ்க்கையிலிருந்து'ன்னு போட்டிருந்துச்சே. ஆளு நேர்ல உக்காந்திருக்கும்போது மூஞ்சிக்கு நேரா எப்படிப்பா திட்டி எழுதறது? அது மரியாதையா?"

நைஜல் திரும்பிப் பார்த்தான். பிலிப்பா தொலைபேசியை மெல்லக் கீழே வைத்தாள்.

"விளம்பரத்துக்குப் போட்டது" என்றாள், கூரையைப் பார்த்தபடி.

"அப்போ எல்லாரும் வின்ஸை வெறுக்கறீங்களா?" நைஜல் மேசைமேல் குனிந்தான். "பன்னெண்டு பேருமா?"

"ரெண்டு வாரமா எங்களுக்குத் தூக்கமே இல்ல."

படம் பிழைத்தது. அவன் மேசையைச் சுற்றி ஓடிப்போய் ஹில்டாவைக் கட்டிக்கொண்டான். அவள் விறைத்து நின்றாள். பிறகு மெல்ல விலகி, ஒரு கோப்பையில் டீ ஊற்றி, சர்க்கரை இரண்டு கரண்டி போட்டு அவன் பக்கம் நகர்த்தினாள்.

"குடி கண்ணு, அவசரமில்ல. நீ அண்ணனைக் கொன்னதை நாங்க யார்கிட்டயும் மூச்சு விடல, ஆனா நாய்ன்னதும் மனசு கேக்காம போலீஸுக்குப் போன் பண்ணிட்டோம்."