கிளிதாவித் தோட்டத்தின் கூட்டு மாத்திரைச் செயற்குழு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு இணையாகச் சொல்லத்தக்க ஒரே சாதனை, 1984-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிளிதாவித் தோட்டத்தில் 'இரத்த அழுத்தப் பாதுகாப்புச் செயற்குழு' அமைக்கப்பட்டதுதான் என்பது என் தாழ்மையான கருத்து. நெருப்பைக் கண்டுபிடித்தவர்கள் அதற்குக் கூட்டக் குறிப்பு எழுதி வைக்கவில்லை. நாங்கள் எழுதினோம். எழுதியவன் நான்.

என் பெயர் சதாசிவம். தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி. அதாவது, பெரிய கிராணி சொல்வதைத் தட்டச்சு செய்கிறவன். எங்கள் ரப்பர்த் தோட்டம், ஈப்போ நகருக்குப் பக்கத்துச் சிம்பாங் பூலாய் டவுனிலிருந்து உள்ளே ஐந்து மைல். வெள்ளைக்காரன் வைத்த பெயர் கிளென்டார்வி. எங்கள் சனங்களின் வாயில் அது இரண்டே தலைமுறையில் கிளிதாவி ஆகிவிட்டது. கிளி தாவியதை யாரும் பார்த்ததில்லை. இரத்த அழுத்தம் தாவியதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு 'டாரா திங்கி', மலாயில் உயர் இரத்த அழுத்தம்.

இவர்களுக்குத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் டிரஸ்ஸர் கார்த்திகேசு. காலையில் ஒரு சிவப்பு மாத்திரை, அழுத்தத்துக்கு. கூடவே ஒரு வெள்ளை மாத்திரை, உடம்பில் தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக இறக்குவதற்கு. இரண்டு மாதத்துக்குப் போதுமானதை உறையில் போட்டு மொத்தமாகக் கொடுத்துவிடுவார். அந்த மார்ச் மாதத்தில்தான் சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக்கிய ஒரு மஞ்சள் மாத்திரை வந்து சேர்ந்தது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து.

வேறு தோட்டமாக இருந்தால் டிரஸ்ஸர் அதைச் சும்மா கையில் கொடுத்து, "இனிமே இது மட்டும்தான், பழசைத் திருப்பிக் கொடு" என்று சொல்லியிருப்பார். அவ்வளவு அற்பமாக முடிய வேண்டிய விஷயத்தைக் காப்பாற்றியவர் எங்கள் பெரிய கிராணி ஜெயபாலன் அவர்கள். கூட்டு மருந்து என்றால் கூட்டம் இல்லாமலா என்று கேட்டார். அன்றே செயற்குழு பிறந்தது. அவர் தலைவர். நான் செயலாளர். கார்த்திகேசு, மருந்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் என்பதால், 'சாதாரண உறுப்பினர்'.

மாத்திரை அறிமுக விழா பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பதினொரு நோயாளிகள் முன்வரிசையில் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். முதல் மாத்திரையைப் பெறும் பெருமை, புகைக்கூடத்தில் ரப்பர் பாளங்களைக் காயப்போடும் ராமையாவுக்குக் கிடைத்தது. அறுபது வயது. மனைவி இறந்துபோய், இரண்டு ஆடுகளோடு தனியாக இருப்பவர். மாலை போட்டோம். ஈப்போவிலிருந்து வந்த போட்டோக்காரர் சொன்னபடி மாத்திரையை விழுங்கினார். காமிரா பல்பு எரியவில்லை. ஜெயபாலன் இன்னொரு மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, முழுங்காதீங்க! வாய்கிட்ட வச்சுக் காட்டினா போதும்!" என்று கார்த்திகேசு பதறினார்.

"சாதாரண உறுப்பினர் விழாவில் குறுக்கிடக் கூடாது" என்றார் தலைவர். நல்லவேளையாக அந்த முறை பல்பு சீக்கிரமே எரிந்துவிட்டது.

பிறகு 'கேள்வி நேரம்'. அப்படி ஒன்று இருந்தால் யாராவது கேள்வி கேட்டுவிடக்கூடும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. கருப்பம்மாள் எழுந்தார். முப்பது வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், ராமையாவின் பக்கத்து வீடு.

"ஐயா, எங்கிட்ட செவப்பும் வெள்ளையும் இன்னும் ஒன்னரை மாசத்துக்கு இருக்கு. இந்த மஞ்சளையும் சேத்துப் போடணுமா, இல்ல அதுங்கள விட்டுடணுமா?"

கார்த்திகேசு பாதி எழுந்தார். ஜெயபாலன் அவர் தோளில் கை வைத்து உட்கார்த்தினார்.

"மிக அருமையான கேள்வி! இது போன்ற கேள்விகளுக்குச் செயற்குழு எழுத்து மூலமாக மட்டுமே பதில் அளிக்கும்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

"அதற்காகத்தான் தமிழில் எழுதப் போகிறோம்."

மண்டபம் கைதட்டியது. "கருப்பம்மாள் கேள்வி கேட்டார், அவருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது" என்று குறிப்பு எழுதினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

பதில் கைவசம் இருந்தது. மாத்திரைப் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முதல் வரியே அதுதான். தனித்தனியாகச் சாப்பிட்டு வந்த இரண்டுக்கும் பதிலாக இது ஒன்று. மூன்றையும் சேர்த்துப் போடக் கூடாது. தமிழாக்கப் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அரை மணி நேர வேலை. ஆனால் நான் தமிழ் மேல் பற்று உள்ளவன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். 'கூட்டு மருந்து' என்பதா, 'கலவை மருந்து' என்பதா, 'இணைப்பு மருந்து' என்பதா?

முதல் கூட்டத்தில் ஜெயபாலன் சொன்னார். "கூட்டுன்னா பூசணிக்காய்க் கூட்டு மாதிரி இருக்குலா. கௌரவமா ஒரு சொல் பாரு."

இரண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டம். "கலவைன்னா சிமெண்டு."

மேலும் இரண்டு வாரம் கழித்து மூன்றாவது. "இணைப்பு... தண்ணிக்குழாய்க்குத்தானே அப்படிச் சொல்லுவாங்க?"

"பேரு என்னவா வேணா இருக்கட்டும், அந்த முதல் வரிய மட்டும் நான் வாயாலே சொல்லிர்றேன்" என்று கார்த்திகேசு மூன்று கூட்டத்திலும் கேட்டுப் பார்த்தார்.

"டிரஸ்ஸர், நீங்க ஒண்ணு சொல்லி, துண்டறிக்கை வேற ஒண்ணு சொன்னா செயற்குழு மானம் போகும். தீர்மானம் ஆவுறதுக்கு முந்தி யாராச்சும் வாய் திறந்தா மேனேஜருக்கு எழுத வேண்டி வரும்."

கார்த்திகேசுவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். எனக்கு ஓய்வு பெற இருபத்தைந்து வருடம் இருந்தது. அப்படிப் பார்த்தால் என் காரணம் அவருடையதைவிடப் பெரிது.

இதற்கிடையில் பதினொரு பேரும் கட்டுப்பாடு மிக்க நோயாளிகளாக நடந்துகொண்டார்கள். கொடுத்தது எதையும் வீணாக்கவில்லை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்றையும் விடியற்காலை ஒரே மடக்கில் விழுங்கினார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து சிலருக்குத் தலைசுற்றல். எழுந்து நின்றால் கண் இருட்டியது. "மாத்திரை நல்லாப் பிடிக்குது போல" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதை நான் 'பயனாளிகளின் மனநிறைவு' என்று அறிக்கையில் சேர்த்தேன்.

ஏப்ரல் மாதத்து வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருப்பம்மாள் சாமான் வாங்கச் சிம்பாங் பூலாய் போனார். மதார் சாகிப்பின் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தவர், அப்படியே மேசையோடு சரிந்தார். மதார் சாகிப் கல்லாவை விட்டு ஓடிவந்து கையைப் பிடித்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"யக்கா! யக்கா, கண்ணத் தொறங்க! யாராச்சும் வேன் கதவத் திறங்கப்பா!"

அரை மணியில் ஈப்போ பெரியாஸ்பத்திரி. மலாய்க்கார டாக்டரம்மா அழுத்தத்தைப் பார்த்தார். அது உயரவில்லை, அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தது. நாடி மெதுவாக, யோசித்து யோசித்து அடித்தது. முந்தானையில் முடிந்திருந்த மூன்று உறைகளையும் அவிழ்த்துப் பார்த்த டாக்டரம்மா, தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் மொழிபெயர்த்தாள். 'கூட்டு'க்கு என்ன சொல் என்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அம்மா, இந்த மஞ்சளுக்குள்ளயே அந்த ரெண்டும் இருக்கு. நீங்க ஒவ்வொரு நாளும் ரெண்டு பங்கு சாப்பிட்டிருக்கீங்க. பழசை இனிமே தொடாதீங்க. மஞ்சளை எப்ப ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லுவாங்க. நீங்களா கூட்டவும் கூடாது, நீங்களா நிறுத்தவும் கூடாது. படுத்து எந்திரிக்கும்போது கொஞ்சம் உக்காந்துட்டு மெதுவா எந்திரிங்க. மாசம் ஒருக்கா பிரஷர் பாருங்க. சரியா?"

"இவ்வளவுதானா?" என்றார் கருப்பம்மாள்.

"இவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலையிலேயே மதார் சாகிப் தோட்டத்துக்கு வந்து கார்த்திகேசுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கார்த்திகேசு செருப்புகூடப் போடாமல் ஆபீசுக்கு ஓடிவந்தார்.

"இன்னும் பத்துப் பேரு இருக்காங்க! இன்னிக்கே வீடு வீடாப் போய்ச் சொல்லணும்!"

ஜெயபாலன் விதிப்புத்தகத்தைத் திறந்தார். செயற்குழு ஒரு நாள் இல்லாவிட்டாலும் விதிகள் இருக்க வேண்டும் என்று முதல் வாரமே நாங்கள் எழுதிக்கொண்டவை.

"அவசரக் கூட்டம் போடலாம். தாராளமாப் போடலாம். ஆனா அவசரக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்கணும்."

"ஏழு நாளா?"

"அவசரம்ங்கிறதாலதான் ஏழு. சாதாரணம்னா பதினாலு."

பொருள் ஒத்திவைக்கப்பட்டது. முன்னறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் ராமையா ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். "கிராணி ஐயா, என் போட்டோ வந்திருச்சா?" என்று கேட்டார். நடை கொஞ்சம் தள்ளாடியது. இரண்டு வரி சொல்லியிருக்கலாம். வேலியோரம் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. சொன்னால் அந்தச் செய்தி என்னிடமிருந்துதான் போனது என்று தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். "அடுத்த வாரம் வரும்" என்றேன். போட்டோவைத்தான் சொன்னேன்.

ஆறாம் நாள் காலை, மாத்திரைகளை விழுங்கிவிட்டுச் சிறிது நேரம் படுத்திருந்த ராமையா, ஆடு கத்துகிறதே என்று சட்டென்று எழுந்து வெளியே வந்தார். ஐந்தாவது எட்டில் விழுந்தார். குழாயடிச் சிமெண்டில் பின்மண்டை அடித்தது. அக்கம்பக்கத்தார் தூக்கும்போதே உயிர் இல்லை.

செயற்குழு கல்நெஞ்சம் கொண்டதல்ல. அன்று மதியமே கூடியது. இரங்கல் கூட்டத்துக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. விபத்தின் காரணம் தீர ஆராயப்பட்டது. குழாயடி வழுக்கியதே காரணம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"அங்க ரெண்டு நாளாத் தண்ணியே வரலையே, சிமெண்டு காய்ஞ்சு கெடக்குது" என்றார் கார்த்திகேசு.

"சாதாரண உறுப்பினரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார் தலைவர். துக்கத்தை முன்னிட்டு, மறுநாள் நடக்க வேண்டிய அவசரக் கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது.

இரண்டே நாளில் குழாயடியில் பலகை நாட்டினோம். 'கவனம்! வழுக்கும்!' தமிழ், மலாய், ஆங்கிலம், மூன்று மொழியிலும். ஒரு சொல்லுக்குக்கூட விவாதம் எழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கருப்பம்மாள் பலகையைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். நேராகக் கார்த்திகேசுவிடம் போனார். அவர் மற்ற ஒன்பது பேரின் பெயரையும் வாயால் சொன்னார். அந்த மனிதர் விதியை மீறியது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மறுநாள் பால் வெட்டப் போகாமல், ஒன்பது பேரையும் அவரவர் மாத்திரை உறைகளோடு பஸ்ஸில் ஏற்றி ஈப்போவுக்குக் கூட்டிப் போனார் கருப்பம்மாள். டாக்டரம்மா ஒவ்வொருவரையும் சோதித்து, எதைப் போடலாம், எதை விடலாம் என்று பிரித்துக் கொடுத்தார். இருளாயி என்ற கிழவியை மட்டும் மூன்று நாள் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். ஒன்பது பேரும் இன்றைக்கும் நடமாடுகிறார்கள்.

இப்படியொரு ஒழுங்கீனத்தைச் செயற்குழு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? தகுதியின்றி மருத்துவ விஷயத்தில் தலையிட்டமை, செயற்குழுவின் முன்னனுமதி பெறாமல் பயனாளிகளை இடம்பெயர்த்தமை, வதந்தி பரப்பியமை. கருப்பம்மாளுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு 'காரணம் கேட்கும் கடிதம்' தயாரானது. ஜெயபாலன் காலையில் சொன்னார். மதியத்துக்குள் செந்தமிழில் முடித்துவிட்டேன்.

மறுநாள் கருப்பம்மாள் அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்தார்.

"படிச்சுச் சொல்லு."

வழக்கமான 'ஐயா' இல்லை. எழுந்து நின்று படித்தேன். இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்டார்.

"எழுதுனது யாரு?"

"செயற்குழு."

"கை யாரோட கை?"

"என்னோடதுதான்."

"எத்தனை நாளாச்சு எழுத?"

"அரை நாள்."

கருப்பம்மாள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

"எனக்கு ரெண்டு பக்கம் எழுத ஒனக்கு அரை நாள் போதும். ராமையாவுக்கு ஒரு வரி எழுத ஆறு வாரம் பத்தலையா? ஒரு மனுசனைக் கொன்னுட்டு எங்கிட்டயாடா காரணம் கேக்குறீங்க?"

அவர் போன பிறகு கூட்டக் குறிப்பைத் திறந்தேன். ஒரு செயலாளனின் முதல் கடமை உண்மை. அந்த அம்மாள் சொன்னதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. அதைத் திருத்தியாக வேண்டும். நாங்கள் ராமையாவைக் கொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். அவர்தான் அந்தக் கூட்டம்வரை இருக்கவில்லை.