வெற்றுச் சுவருக்கு முன்னால் ஒரு பரீட்சை

இன்ஜினீயரிங் பட்டம் கைக்கு வந்த அன்றே, இனி எந்தப் பரீட்சைக்கும் இந்த உடம்பு உட்காராது என்று முடிவு செய்துவிட்டேன். இருபத்தைந்து வருஷம் அதில் உறுதியாக நின்றேன். (வேறு எதிலும் எனக்கு இந்த உறுதி கிடையாது. வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.)

பிறகு அலுவலகத்தில் கட்டட வடிவமைப்புக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். நான் மட்டும், "பேப்பர்ல வராத கட்டடமா?" என்று வசனம் பேசித் திரிந்தேன். விழிஞ்ஞம் பக்கம் பெரிய வேலை ஒன்று வந்தபோது மேலாளர் மலையாளத்தில் நேராகவே சொல்லிவிட்டார்: "சாரே, சர்ட்டிபிகேட் இல்லெங்கில் ப்ராஜெக்டில் பேரு சேர்க்கான் பற்றில்ல." பேர் போடாவிட்டால், பழைய வரைபடங்களுக்குத் தூசி தட்டும் பிரிவுதான். சர்ட்டிபிகேட் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

பரீட்சை ஆன்லைனில். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு ஆள் இருந்தால் ரத்து. கரமனை வீட்டு முன்னறையில் திருநீறு பூசி உட்கார்ந்தேன்.

"சார், பின்னில் ஆராணு?" என்றது கண்காணிக்கும் பெண்ணின் குரல்.

பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தேன். மாலையோடு அப்பா படம்.

"அச்சனாணு. மரிச்சு போயி."

"சாரி சார். பக்ஷே கம்ப்யூட்டர் ஆளாயிட்டு எண்ணுன்னு. மாற்றணும்."

படத்தையும் ஆள் என்று எண்ணுகிறதாம். அப்பாவை இறக்கினேன். கல்யாணப் போட்டோவையும் இறக்கினேன். இருட்டு மூலையில் இருந்த ஆறுமுகன் படத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. (சாமிக்குச் சலுகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.) கேள்விகள் தொடங்கின. இனி நாற்காலியை விட்டு எழக்கூடாது.

சற்று நேரத்தில் ஜன்னல் வெயில் மூலைக்குப் போனது. குரல் பதறியது: "சார்! இப்போ ஆறு பேர் கூடி!"

எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. "கோமதி, முருகனை எடுத்துட்டுப் போ!" என்று கத்தினேன். என் மனைவி ஓடி வந்தாள். படத்தைக் கழற்றி, சாமி முகம் வெளியே தெரிய மார்போடு அணைத்து, என் தோளருகே குனிந்து, மரியாதையாக விளக்கமும் சொன்னாள்: "மோளே, இது எங்க முருகனாக்கும்."

திரை சிவந்தது. அறையில் எட்டு பேர். பரீட்சை ரத்து.

நான் கோமதிமேல் எரிந்து விழுந்தேன். உண்மை என்னவென்றால், அதுவரை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முழுதாக நடந்திருந்தால் தோற்றுத்தான் போயிருப்பேன். கண்காணித்த அந்தப் பெண் எனக்காகப் பரிந்து எழுதியதால் மறுமாதம் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

கோமதிக்குப் பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை. வேலை முடிந்து வந்ததும் எதிரே உட்கார்ந்துகொள்வாள். "எனக்குச் சொல்லித் தாங்க, பாப்போம்." நான் எங்காவது அவசரமாகத் தாண்டினால் பிடித்துவிடுவாள்: "உங்களுக்கே வெளங்கல. அதான் இங்கிலீஷ்ல சொல்லுதீங்க."

திரும்பப் போய்ப் படிப்பேன். அப்படித்தான் பாஸானேன், ப்ராஜெக்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றாவது புதிதாகக் கற்கிறேன். பாடம் எதுவானாலும் எதிரே அவள்தான்.

வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் கோமதி இன்றும் சொல்வாள்: "எட்டு பேரு சேந்து எழுதியும் மொத தடவை பாஸாகலையே!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இரண்டாம் தடவை நான் தனியாக எழுதினேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது மட்டும் சரியில்லை.